லஷீன் முதல் கிராண்ட் போர்ட்டேஜ் வரை: ஒரு தோணிவழி எதில் தோற்றது?

1821 மார்ச்சில் லண்டனில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தோடு நார்த்வெஸ்ட் கம்பெனி தன் பரம எதிரியான ஹட்சன் பே கம்பெனிக்குள் கரைந்தது. இரண்டு கம்பெனிக்கும் தொழில் ஒன்றுதான். கனடாவின் உள்காடுகளில் வாழ்ந்த பூர்வகுடி வேட்டைக்காரர்களுக்குத் துணி, பித்தளைக் கெட்டில், துப்பாக்கி, கோடாரி, பாசிமணி, புகையிலை கொடுத்துப் பீவர் என்ற நீர்விலங்கின் தோல் வாங்குவது. அந்தத் தோலின் அடிமயிர்தான் ஐரோப்பிய ஃபெல்ட் தொப்பிக்கு மூலப்பொருள். இணைப்பு நடந்த கையோடு, மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா ஆற்றில் ஏறி மேற்கே சரக்கு கொண்டுபோன பெருந்தோணி அணிகளின் காலம் முடிந்தது.

நலிந்துபோன தொழில் என்று இதை ஒதுக்க முடியாது. 1798-ல் மட்டும் நார்த்வெஸ்ட் கம்பெனி திரட்டிய பீவர் தோல் 1,06,000. அதோடு மார்ட்டன் தோல் 32,000, கஸ்தூரி எலித் தோல் 17,000. கம்பெனியின் பங்குதாரராக இருந்த அலெக்சாண்டர் மெக்கன்சி 1801-ல் அச்சிட்ட கணக்கு இது. 1,120 தோணிக்காரர்களும் 35 வழிகாட்டிகளும் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். இவ்வளவு சரக்கு ஓடிய வழி எப்படி நின்றது?

'பாய்ச்சல்களும் சுமைவழிகளும் மனிதனால் தாங்க முடியாதவை' என்பது வழக்கமான பதில். பாய்ச்சல் என்றால் ஆறு பாறைகளில் சீறி ஓடும் இடம்; சுமைவழி என்றால் அதைச் சுற்றிச் சரக்கைத் தோளில் தூக்கிப்போகும் கரைப்பாதை. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பாய்ச்சலுக்கும் சுமைவழிக்கும் இந்த வழியில் நல்ல தீர்வுகள் இருந்தன. தீர்வில்லாமல் போனவை இரண்டு: நாள்காட்டியும் வயிறும்.

வழி

புறப்படும் இடம் லஷீன். மாண்ட்ரியல் தீவில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் பெரும் பாய்ச்சலுக்கு மேலே இருக்கும் கரை. நகரத்திலிருந்து அதுவரை சரக்கு வண்டியில் வரும். மே மாதத் தொடக்கத்தில், பனிக்கட்டி உடைந்து ஆறு திறந்ததும், தோணிகள் அணி அணியாகக் கிளம்பும். தீவின் மேற்கு முனையில் செயின்ட் ஆன் தேவாலயம். தோணிக்காரர்கள் அங்கே காணிக்கை போட்டுக் கும்பிட்ட பிறகுதான் பயணம் தொடங்கியதாகக் கணக்கு.

அங்கிருந்து ஒட்டாவா ஆற்றில் சுமார் 500 கிலோமீட்டர் எதிர்நீச்சல். லாங் சூ, ஷோடியேர், ஷாட்ஸ், கிராண்ட் கேலுமெட், அலுமெட், ஜொவாஷிம் என்று பாய்ச்சலும் அருவியும் மாறி மாறி வரும். மாட்டாவா என்ற இடத்தில் இடப்பக்கம் திரும்பி அதே பெயருள்ள சிற்றாற்றில் ஏற வேண்டும். தூரம் குறைவு, தொல்லை அதிகம். பத்துக்கும் மேற்பட்ட சுமைவழிகள் அதில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ட்ரவுட் ஏரி வந்தால் ஏற்றம் முடிந்தது. லஷீனிலிருந்து அதுவரை ஏறிய உயரம் சுமார் 180 மீட்டர். நீர்ப்பிரிமேட்டைத் தாண்ட 'லா வாஸ்' என்ற மூன்று சுமைவழிகள் உண்டு. பிரெஞ்சில் அந்தப் பெயருக்குச் சேறு என்று பொருள். பெயருக்குக் குறை வைக்காத இடம்.

அடுத்தது நிபிசிங் ஏரி. ஆழமில்லாத ஏரி என்பதால் காற்று கிளம்பிய சற்று நேரத்தில் அலை குத்துக்குத்தாக எழும். அதைக் கடந்ததும் ஃபிரெஞ்சு ஆறு, சுமார் 110 கிலோமீட்டர் இறக்கம். பின்பு ஹியூரான் ஏரியின் வடகரை, சூ செயின்ட் மேரி பாய்ச்சல், கடைசியாக சுப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டி கிராண்ட் போர்ட்டேஜ் வரை 700 கிலோமீட்டர். மொத்தம் 1,700 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும்.

இந்த வழியை எந்தக் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை. அல்கான்கின், நிபிசிங், ஹியூரான் மக்கள் காலங்காலமாகப் புழங்கிய வணிகப் பாதை இது. அலுமெட் தீவில் இருந்த அல்கான்கின் பிரிவினர் போகிற வருகிற தோணிகளிடம் சுங்கம் வாங்கினார்கள். 1613-ல் பிரெஞ்சு ஆய்வுப்பயணி சாம்ப்ளேன் அங்கே வந்தபோது அவர்கள் தலைவர் டெசுவா மேலே போகத் தோணி தர மறுத்துத் திருப்பி அனுப்பினார். இரண்டு வருடம் கழித்து, 1615-ல்தான் சாம்ப்ளேனால் ஹியூரான் ஏரியைப் பார்க்க முடிந்தது.

தோணி

இந்த வழிக்கென்று வளர்ந்தது 'கனோ து மேத்ர்' என்ற பெருந்தோணி. நீளம் சுமார் 36 அடி, நடு அகலம் 6 அடி. பிர்ச் மரப்பட்டைதான் உடம்பு. உள்ளே சீடார் சட்டங்களும் மெல்லிய பலகைகளும். தையலுக்கு ஸ்ப்ரூஸ் மரத்தின் பிளந்த வேர். ஆணி கிடையாது. காலியாக இருக்கும்போது 270 கிலோ அளவில் எடை.

அதில் ஏறுவதை மெக்கன்சி வரிசையாகத் தருகிறார். எட்டு முதல் பத்து ஆள், அவர்கள் மூட்டை முடிச்சு, 65 பொதி சரக்கு, 600 பவுண்டு பிஸ்கட், 200 பவுண்டு பன்றி இறைச்சி, மூன்று புஷல் பட்டாணி. மேலே மூட இரண்டு எண்ணெய்த் துணி, காற்றுக்கு விரிக்க ஒரு பாய், ஒரு கோடாரி, இழுகயிறு, ஒரு கெட்டில், தண்ணீர் உறிஞ்சி வெளியேற்ற ஒரு பஞ்சு. கூடவே கொஞ்சம் பிசின், பட்டை, வேர். எல்லாம் ஏறியபின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆறு அங்குலம்தான் மிஞ்சும்.

பொதி ஒன்று 90 பவுண்டு, அதாவது 41 கிலோ. துணியோ, குண்டோ, ரம்மோ, உள்ளே என்ன இருந்தாலும் எடை இதை ஒட்டியே கட்டப்படும். இந்த ஒரே அளவில்தான் முழு ஏற்பாடும் நின்றது. தோணியின் கொள்ளளவு, ஆளின் கடமை, மிகைச் சுமைக்கான கூலி எல்லாம் பொதிக் கணக்குதான்.

பட்டை மெலிது. பொதியை நேராக அதன் மேல் வைத்தால் கிழியும். ஆகவே அடியில் நீளவாக்கில் கழிகளைப் போட்டு, அவற்றின் மேல் அடுக்குவார்கள். கரை வந்ததும் சரக்கோடு தோணியைத் தரையில் ஏற்றுவது குற்றம் மாதிரி. ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் குதித்துத் தோணியை மிதக்கவிட்டபடியே பிடித்துக்கொள்வார்கள். பொதிகள் தோள் மேல் கரைக்குப் போகும். காலியான தோணியைத் தூக்கிக் கரையில் கவிழ்ப்பார்கள். ஐந்து டிகிரித் தண்ணீரில் இதை ஒரு நாளைக்குப் பலமுறை செய்வது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கவிழ்த்ததும் பிசின் வேலை. தையல்வாய்களை விரலால் தடவிப் பார்த்து, வெடிப்பு தெரிந்த இடத்தில் எரிகொள்ளியைக் காட்டி ஊதிப் பழைய பிசினை இளக்கி, புதியது வைத்து, எச்சில் தொட்ட கட்டைவிரலால் அழுத்தி மழுப்புவார்கள். ஸ்ப்ரூஸ் பிசினில் கொழுப்பும் கரித்தூளும் கலந்த பூச்சு அது. கொழுப்பு குறைந்தால் குளிரில் வெடிக்கும். கூடினால் வெயிலில் வழியும். மே மாதக் கலவை ஜூலைக்கு ஆகாது.

இறக்குவதா, இழுப்பதா?

பாய்ச்சல் ஒன்று எதிரே வந்தால் வழிகாட்டி மூன்றில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். தண்ணீர் சுமாராக இருந்தால் பாதிச் சரக்கை இறக்கி, மீதியோடு கழி ஊன்றியோ கயிறு கட்டியோ இழுப்பது. மோசமாக இருந்தால் சரக்கு முழுதும் கரைவழி. வெறுந்தோணியைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் ஏற்றுவது. இதற்கு டெஷார்ஜ் என்று பெயர். அருவி என்றால் தோணியையும் சேர்த்துச் சுமப்பது; அதுதான் போர்ட்டேஜ், சுமைவழி. ஒரே இடம் வெள்ளக் காலத்தில் ஒரு விதமாகவும் வறண்ட மாதத்தில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். வழிகாட்டியின் சம்பளம் நடுத்துடுப்புக்காரனுடையதைப் போல மூன்று மடங்கு வரை போனதற்கு இந்தத் தீர்ப்புதான் காரணம்.

சுமக்கும் கருவி நெற்றிவார். அகலமான தோல்பட்டையை நெற்றிக்குக் கொடுத்து, அதன் இரு நுனியாலும் ஒரு பொதியைக் கட்டி இடுப்புக்கு மேல் தொங்கவிடுவார்கள். இரண்டாவது பொதி அதன் மேல், பிடரிக்குப் பின்னே உட்காரும். மொத்தம் 82 கிலோ. முன்னால் குனிந்து குறுநடையில் ஓட வேண்டும், நின்றால்தான் கனக்கும். தோணியைக் கவிழ்த்த நிலையில் நான்கு பேர் தோளில் எடுத்துப் போவார்கள்.

65 பொதியை எட்டுப் பேர் சுமந்தால் தலைக்கு எட்டு. இரண்டு இரண்டாக எடுத்தால் சுமையோடு நான்கு நடை, வெறுங்கையோடு மூன்று நடை. ஆகச் சுமைவழியின் நீளத்தை ஏழால் பெருக்கினால் ஒருவன் நடந்த தூரம் கிடைக்கும். கிராண்ட் கேலுமெட் சுமைவழி சுமார் 2 கிலோமீட்டர். நடை 14 கிலோமீட்டர், அதில் 8 கிலோமீட்டர் 82 கிலோவோடு. அணியின் சாப்பாட்டு மூட்டைகள் இந்தக் கணக்கில் வரவில்லை.

நீளமான சுமைவழியில் ஒரேயடியாக மறுமுனைக்குப் போவதில்லை. அரை மைல் அளவில் ஓர் இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து அடுத்த சுமையை எடுப்பார்கள். அந்த இடத்துக்குப் 'போஸ்' என்று பெயர். சுமைதாங்கி என்றே சொல்லலாம். கல் கிடையாது, வெறும் தரை. வெறுங்கையோடு திரும்பும் நடைதான் ஓய்வு. சரக்கெல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் காவலும் எளிது. சுமைவழியின் நீளத்தையே மைலில் சொல்லாமல் போஸ் கணக்கில் சொன்னார்கள். ஏரியில் தூரத்தைப் புகைக்குழாய் பற்றவைக்க நிறுத்தும் எண்ணிக்கையால் சொன்னது போல.

எங்கே உடைந்தது

ஆள் விஷயத்தில் முதல் சேதம் குடலிறக்கம். வழுக்குப் பாறையில் 82 கிலோவோடு கால் பிசகினால் அடிவயிறு விடும். குடல் முறுக்கிக்கொண்டால் காட்டில் அதற்கு மருத்துவம் இல்லை. அடுத்தது மூழ்குவது. தோணிக்காரர்களில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. மோசமான பாய்ச்சல்களின் கரையில் வரிசையாக நின்ற மரச்சிலுவைகளை அக்காலப் பயணிகள் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரக்கு விஷயத்தில் சேதம் ஏறும்போது குறைவு, இறங்கும்போது அதிகம். எதிர்நீரில் ஏறுகிறவனுக்கு அவசரப்பட வழியில்லை. நீரோட்டத்தோடு போகிறவன் முன்னால் இருப்பதோ இரண்டு மணி நேரச் சுமை, இல்லாவிட்டால் இரண்டு நிமிடப் பாய்ச்சல். ஆசை காட்டும். 1960-ல் மின்னசோட்டா எல்லையிலுள்ள கிரானைட் ஆற்றில், ஹார்ஸ்டெயில் பாய்ச்சலுக்கு அடியில் முழுகியவர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய 17 பித்தளைக் கெட்டில்களை எடுத்தார்கள். அடுக்கு கலையவே இல்லை. பொதியாகக் கட்டியபடியே ஒரு தோணியிலிருந்து நேராக அடித்தளத்துக்குப் போயிருக்கிறது. ஃபிரெஞ்சு ஆற்றிலும் இப்படிக் கோடாரிகளும் துப்பாக்கிகளும் குண்டுகளும் கிடைத்தன.

மூன்றாவது சேதம் கண்ணுக்குத் தெரியாதது: காற்று. சுப்பீரியர் ஏரியில் அலை எழுந்தால் ஆறு அங்குல விளிம்புள்ள தோணி கரையை விட்டு நகர முடியாது. ஆகவே விடியலுக்கு முன், காற்று தூங்கும் நேரத்தில் கிளம்பிப் பகல் ஏறுமுன் தூரத்தைக் கடப்பது வழக்கம். அப்படியும் நாள் கணக்கில் முடங்கிக் கிடந்தது உண்டு. எந்தத் தீர்வும் எட்டாத இந்த இழப்பு நாள்காட்டியில் விழுந்தது.

தீர்க்க முடிந்த இடத்தில் கம்பெனி செலவுக்குத் தயங்கவில்லை. சூ செயின்ட் மேரியில் 1790-களின் கடைசியில் ஒரு சிறு கால்வாயும் மதகும் கட்டியது. மதகறையின் நீளம் 38 அடி. 36 அடித் தோணி ஒன்று நுழைந்து நிற்க, முன்னும் பின்னும் ஒரு அடி. 9 அடி உயரம் தூக்கிவிடும். இதைவிடத் தெளிவாக எந்தத் தோணிக்கு எந்த வழி என்று சொல்லிவிட முடியாது.

கிராண்ட் போர்ட்டேஜ்

சுப்பீரியரின் மேற்குக்கரையில் வழி சுவரில் முட்டுகிறது. உள்நாட்டு ஏரிகளிலிருந்து வரும் பிஜியன் ஆறு கடைசிப் பகுதியில் அருவிகளாக விழுகிறது. அதைச் சுற்றிப் போகும் சுமைவழி 13.6 கிலோமீட்டர், 16 போஸ். மேல்முனையில் சார்லட் கோட்டை. 1731-ல் லா வெராந்திரி என்ற பிரெஞ்சு அதிகாரி இங்கே வந்து இறங்கியபோது, முன்னே கிடந்த பாதையைப் பார்த்த ஆட்கள் போக மறுத்துக் கலகம் செய்தார்கள். சகோதரி மகனை மட்டும் சிலரோடு மேலே அனுப்பிவிட்டு அவர் அந்தக் குளிர்காலத்தைச் சுப்பீரியர் கரையிலேயே கழிக்க வேண்டியதாயிற்று.

நார்த்வெஸ்ட் கம்பெனி காலத்தில் இது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்ட வேலை. மாண்ட்ரியலிலிருந்து வந்த ஒவ்வொருவனும் எட்டுப் பொதியை இலவசமாகச் சுமக்க வேண்டும். அதற்கு மேல் பொதிக்கு ஒரு ஸ்பானிய டாலர். எட்டுப் பொதி என்றால் ஏழு நடை, 95 கிலோமீட்டர். இரண்டு பொதியோடு போய் இரண்டு பொதித் தோலோடு ஆறே மணி நேரத்தில் திரும்பியவர்களைப் பார்த்ததாக மெக்கன்சி எழுதுகிறார். 27 கிலோமீட்டர் மேடு பள்ளத்தில் அது சாதனை. ஆனால் சாதனையை வைத்து அட்டவணை போட முடியாது. நடுத்துடுப்புக்காரனின் கூலி பருவத்துக்கு 250 முதல் 350 லீவ்ர் என்ற பிரெஞ்சுக் காசு. கூட ஒரு கம்பளி, ஒரு சட்டை, ஒரு கால்சட்டை.

ஜூலையில் இங்கே இரண்டு கூட்டம் சந்திக்கும். கிழக்கிலிருந்து வந்து திரும்புகிறவர்களுக்குப் 'பன்றிக்கொழுப்பு தின்னிகள்' என்று பட்டப்பெயர். மேற்கே குளிர்காலம் கழித்து வந்தவர்கள் வைத்த பெயர் அது, அன்போடு வைத்ததல்ல. பெருந்தோணி இங்கே நின்றுவிடும். மேலே போவது 25 அடி வடதோணி, இரண்டு பேர் தூக்கக்கூடியது.

வயிறு

கிழக்குப் பகுதியில் சாப்பாடு மலிவாகத் தீர்ந்தது. காரநீரில் வேகவைத்துத் தோல் நீக்கி உலர்த்திய மக்காச்சோளம் ஏரிக்கரை நிலையங்களில் கிடைத்தது. அதில் ஒரு குவார்ட் எடுத்து, ஒரு காலன் தண்ணீரில் மிதமான தீயில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, நடுவே இரண்டு அவுன்ஸ் உருக்கிய கொழுப்பு சேர்ப்பார்கள். சோளம் வெடித்துக் கூழாகக் கெட்டிப்படும். உப்பை முன்பே போட்டால் சோளம் வேகாது. இறக்கும்போதுதான் போட வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான். செலவு பத்துப் பென்ஸ்.

மேற்கே அந்த வசதி போய்விடுகிறது. வடதோணி ஒன்று எடுக்கும் 35 பொதியில் வியாபாரச் சரக்கு 23. மீதி 12 பொதி உணவும் மூட்டை முடிச்சும். மூன்றில் ஒரு பங்கு இடத்தைத் தோணி தனக்கே தின்கிறது. வேட்டையாடிக்கொண்டே போகலாமே என்றால், துடுப்பு நிற்கும் ஒவ்வொரு நாளும் அக்டோபர் பனியை ஒரு நாள் அருகே கொண்டுவருகிறது.

கம்பெனி கண்ட விடை பெமிக்கன். உலர்த்தி இடித்த காட்டெருமை இறைச்சியில் உருக்கிய கொழுப்பை ஊற்றித் தோல்பையில் இறுக்கிய உணவு. அதுவும் 90 பவுண்டுப் பை. வின்னிபெக் ஏரி முனையில் சேமித்து வைத்து, போகிற அணிகளுக்கு வழங்கினார்கள். அருமையான தீர்வு. ஆனால் முழு வழியும் ஒரே புல்வெளியின் இறைச்சியை நம்பித் தொங்க ஆரம்பித்தது. 1814 ஜனவரி 8-ல் செவ்வாற்றுக் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மக்டொனெல் தன் பகுதியிலிருந்து பெமிக்கன் வெளியே போகக்கூடாது என்று தடை போட்டார். குடியேறிகளின் பசிக்காக என்றார். நார்த்வெஸ்ட் கம்பெனிக்கு அது கழுத்தில் விழுந்த கயிறு. அந்தப் பகை 1816 ஜூன் 19-ல் செவன் ஓக்ஸ் மோதலில் ரத்தமாக முடிந்தது. ஆகஸ்டில், அந்தக் குடியேற்றத்தை நிறுவிய செல்கிர்க் பிரபு கம்பெனியின் தலைமைக் கிடங்கான வில்லியம் கோட்டையையே கைப்பற்றினார்.

அந்தக் கோட்டை அங்கே வந்ததே இன்னொரு நெருக்கடியால்தான். அமெரிக்க எல்லை வரையறையில் கிராண்ட் போர்ட்டேஜ் அந்தப் பக்கம் போய்விட, சுங்கத்துக்குப் பயந்த கம்பெனி 1803-ல் காமினிஸ்டிகுவியா ஆற்று முகத்துக்குக் கிடங்கை மாற்றியது. அங்கிருந்து உள்ளே போகும் வழி இன்னும் நீளம். 1814-ல் அமெரிக்கப் படை சூ செயின்ட் மேரி நிலையத்தையும் மதகையும் அழித்தது.

42 மாதம்

இவை எல்லாம் அடிகள். நோய் வேறு. மெக்கன்சி தரும் நாள்காட்டியை வரிசையாகப் பார்த்தால் அது தெரியும். முதல் வருடம் அக்டோபரில் சரக்குக்கு ஆர்டர் லண்டனுக்குப் போகும். இரண்டாம் வருடம் மார்ச்சில் கப்பல் ஏறி ஜூனில் மாண்ட்ரியல் சேரும். அந்தக் கோடையும் குளிரும் பொதி கட்டுவதில் போகும். மூன்றாம் வருடம் மே மாதம் லஷீனிலிருந்து தோணி. அந்தக் குளிர்காலத்தில் காட்டில் பண்டமாற்று. நான்காம் வருடம் செப்டம்பரில் தோல் மாண்ட்ரியல் திரும்பும். ஐந்தாம் வருடம் வசந்தத்தில் லண்டனில் விற்று, மே ஜூன் வாக்கில் பணம். அவர் கணக்கில் ஆர்டர் கொடுத்து 42 மாதம். அதாவது எந்த நாளில் கணக்குப் பார்த்தாலும் மூன்று வருடத்துச் சரக்கில் போட்ட முதலீடு எங்கோ ஒரு கிடங்கிலோ, தோணியிலோ, காட்டிலோ முடங்கிக் கிடக்கும். அதற்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

வேகமாகத் துடுப்புப் போட்டால் தீராதா? தீராது. வருடத்தில் ஐந்து மாதம்தான் தண்ணீர் திறந்திருக்கும். ஒரு வாரம் மிச்சப்படுத்தினாலும் அடுத்த பருவம் வரை காத்திருக்கத்தான் வேண்டும். வெகுதூர வடமேற்கிலிருந்த அதாபாஸ்கா பகுதி ஆட்களால் கோடைக்குள் கிராண்ட் போர்ட்டேஜ் வந்து திரும்பவே முடியாது. ரெய்னி ஏரிவரை மட்டும் அவர்கள் வர, சரக்கை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கத் தனி அணி வைத்தார்கள். தூரம் கூடக்கூடத் தோணியும் ஆளும் உணவும் கூடின, லாபம் கூடவில்லை.

எதிரியான ஹட்சன் பே கம்பெனியின் கப்பல் ஹட்சன் வளைகுடாவுக்குள் நேராக நுழைந்து யார்க் ஃபேக்டரி என்ற அதன் கரைக்கிடங்கில் நங்கூரம் போட்டது. அங்கிருந்து வின்னிபெக் ஏரி சுமார் 600 கிலோமீட்டர். லஷீனிலிருந்து அதே ஏரி 2,400 கிலோமீட்டருக்கு மேல். யார்க் போட் என்ற மரப்படகுதான் பட்டைத் தோணியை வென்றது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் படகு உறுதியானது, அலை தாங்கும், தேர்ந்த ஆள் குறைவாகப் போதும், உண்மைதான். ஆனால் தலைக்கு எத்தனை பொதி என்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. அதைத் தோளில் தூக்கவும் முடியாது. சுமைவழியில் உருளைக்கட்டை போட்டு இழுக்க வேண்டும். வென்றது 1,800 கிலோமீட்டர்.

1821-க்குப் பிறகு ஒட்டாவா வழி அடியோடு காலியாகிவிடவில்லை. ஹட்சன் பே கம்பெனியின் ஆளுநர் ஜார்ஜ் சிம்ப்சன் அதே லஷீனிலிருந்து, தேர்ந்த துடுப்புக்காரர்களோடு, பல வருடம் மேற்கே போய்வந்தார். அந்தத் தோணிகளில் 65 பொதி இல்லை. கடிதப் பெட்டியும் அவருடைய படுக்கையும்தான் இருந்தன.